விராலுக்கு வலுவான ராடும் ரீலும்: 8,000 ரூபாய்க்குள் எது தேறும்?

ஆகாயத்தாமரை மண்டிய ஏரியில் விரால் ரப்பர் தவளையைக் கவ்வும் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். மீன் கடித்த சத்தம் போலவே இருக்காது. கரையிலிருந்து யாரோ கருங்கல்லை விட்டெறிந்தது போல் இருக்கும். அடுத்த ஓரிரு நொடிக்குள் அதன் தலையை மேலே திருப்பிவிட வேண்டும். தவறினால் வேருக்குள் புகுந்துவிடும். பிறகு நீங்கள் இழுப்பது ஒன்றரைக் கிலோ மீனை மட்டுமல்ல, அதோடு சேர்ந்து வரும் ஒரு கூடைப் பாசியையும் தண்டையும்தான். ஹெவி ராடு (எளிதில் வளையாத வலுவான தூண்டில் கழி), பெயிட்காஸ்டிங் ரீல் (வீசும்போது நரம்புச் சுருளே சுழலும் வகை) என்று நம் ஆட்கள் தேட ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான். தேட ஆரம்பித்த அரை மணி நேரத்தில் தலை சுற்றுவதும் வழக்கம்தான்.

நான் 8,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தவன். அதற்கு முன்பே ஒருமுறை ஏமாந்தவன். ஆகவே கையில் காசு நிறைய இருப்பவர்களுக்கான அலசல் அல்ல இது.

முதலில் ஒரு கேள்வியை முடித்துவிடலாம். பெயிட்காஸ்டர் அவசியமா? நீங்கள் எறிவது ஐந்து முதல் எட்டு கிராம் எடையுள்ள சின்னத் தவளைகள் என்றால் அவசியமில்லை. ஸ்பின்னிங் ரீலில், நரம்பு (தூண்டில் நூல்) சுற்றியிருக்கும் ஸ்பூல் அசையாது, நரம்பு மட்டும் வளையம் வளையமாக உருவிக்கொண்டு போகும். எடை குறைந்த லூரும் (செயற்கை இரையும்) தூரம் போகும். பெயிட்காஸ்டரில் லூரின் எடைதான் ஸ்பூலையே சுழற்ற வேண்டும். இலேசான லூருக்கு மலிவான ஸ்பூல் அசைந்து கொடுக்காது. வேகமாக வீசினால் லூரை முந்திக்கொண்டு சுழன்று நரம்பைப் பந்தாகச் சுருட்டிவிடும். 4000 அளவு ஸ்பின்னிங் ரீலில் விரால் பிடிப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 12 முதல் 20 கிராம் தவளையைப் பாசித் திட்டின் நடுவிலுள்ள கைக்குட்டை அளவு இடைவெளியில் இறக்க வேண்டும், மீன் அடித்த கணமே கட்டை விரலால் ஸ்பூலை அழுத்திப் பூட்டி இழுக்க வேண்டும் என்றால் பெயிட்காஸ்டருக்கு ஈடு கிடையாது.

இனி ரீல்கள். நான் எடைபோட்டுப் பார்த்தவை மூன்று: அபு கார்சியா பிளாக் மேக்ஸ், காஸ்ட்கிங் ராயல் லெஜண்ட், ஷிமானோ எஸ்எல்எக்ஸ் 150. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களைப் பாருங்கள். பேரிங் எண்ணிக்கை ராயல் லெஜண்டில் 11+1, பிளாக் மேக்ஸில் 4+1, எஸ்எல்எக்ஸில் 3+1. அதிகபட்ச டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பு உருவாமல் ரீல் பிடித்துக்கொள்ளும் விசை, முதல் இரண்டிலும் எட்டுக் கிலோவை ஒட்டி இருக்கிறது. எஸ்எல்எக்ஸில் ஐந்து கிலோதான். எண்களை மட்டும் பார்த்தால் காஸ்ட்கிங்தான் ராஜா, ஷிமானோ கடைசி. விலையோ நேர் தலைகீழ். மூன்றில் விலை கூடியது பேரிங் குறைந்த, டிராக் குறைந்த அந்த எஸ்எல்எக்ஸ்தான்.

எண்களை நம்பி ஏமாந்த கதை என்னுடையது. முதல் ரீலை வாங்கியபோது, அதன் பெயர் வேண்டாம், பெட்டியில் 18 பேரிங், பத்துக் கிலோ டிராக் என்று போட்டிருந்தார்கள். சுற்றினால் வெண்ணெய் போல ஓடியது. மூன்றாவது மாதம் ஒரு நல்ல மீன் அடித்தது. ராடை ஓங்கி இழுத்தேன். கைப்பிடி பின்பக்கமாக ஒரு முழுச் சுற்றுச் சுழன்று என் விரல் மூட்டில் அடித்தது. மீன் போனது போகட்டும், விரல் வீங்கி இரண்டு நாள் பேனா பிடிக்க முடியவில்லை.

கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 11+1, 4+1 என்று எழுதுகிறார்களே, அந்தக் கூட்டல் ஒன்றுதான் கைப்பிடியைப் பின்னோக்கிச் சுழல விடாமல் பிடித்துக்கொள்ளும் ஒருவழி பேரிங். மற்ற பேரிங்குகள் ஓட்டத்தை மென்மையாக்குபவை. பல இழைகளைப் பின்னிச் செய்த, நீட்சியே இல்லாத பிரெய்டு நரம்பில் தவளையின் இரட்டை முள்ளை விரால் வாயில் ஏற்ற நாம் இழுக்கும் இழுப்பின் அதிர்ச்சி முழுவதையும் தாங்குவது அந்த ஒற்றைப் பேரிங்கும் அது உட்கார்ந்திருக்கும் அச்சும்தான். பதினொன்றைப் பார்த்து மயங்கி ஒன்றைக் கவனிக்காமல் விடுகிறோம். கடையிலேயே சோதித்துவிடலாம்: டிராக்கை முழுதாக இறுக்கி, ஸ்பூலைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்து, கைப்பிடியைப் பின்பக்கம் வெடுக்கென்று தட்டுங்கள். ஒரு நூல் அளவு அசைந்தாலும் அந்த ரீல் பாசிக்கு ஆகாது.

டிராக் எண்ணும் இப்படித்தான். எட்டுக் கிலோ என்றால் என்னவென்று தெரிய வேண்டுமா? ஒரு கேனில் மூன்று லிட்டர் தண்ணீர் ஊற்றி, நரம்பைக் கட்டி, ராடைத் தரைக்கு இணையாகப் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். மூன்று கிலோதான். அதற்கே மணிக்கட்டு நடுங்கும், ராடு வில்லாக வளையும். ஏழு அடி நெம்புகோலின் நுனியில் தொங்கும் எடை அது. எட்டுக் கிலோவை ராடு வழியாகத் தாங்க நம் கைக்கும் தெம்பில்லை, இரண்டாயிரம் ரூபாய் ராடுக்கும் தெம்பில்லை. ஆகவே ஐந்து கிலோ டிராக் விராலுக்குத் தாராளம். இன்னும் பெரிதாக வளரும் பூவிராலுக்கும் போதும்.

அப்படியானால் எஸ்எல்எக்ஸ்தானே? கையில் காசு இருந்தால், ஆமாம். அதன் உலோகச் சட்டம் அழுத்தத்தில் முறுக்கிக்கொள்ளாது. நாள் முழுக்க எறிந்தாலும் கையை உறுத்தாத சின்ன உடம்பு. வீசும்போது ஸ்பூல் மிஞ்சிச் சுழலாமல் அடக்கும் மையவிலக்கு பிரேக்கை வெளியே உள்ள குமிழாலேயே திருத்திக்கொள்ளலாம். ஆனால் 8,000 ரூபாயை ரீல் மட்டுமே விழுங்கிவிடும். மிச்சத்துக்கு மூங்கில் கழிதான்.

பிளாக் மேக்ஸ் கிராஃபைட் சட்டம். மேலான ரீல்களின் இறுக்கம் அதில் இல்லை, இருப்பதாக நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் 6.4:1 கியர் (கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் ஸ்பூல் 6.4 முறை சுழலும்) இந்த வேலைக்குச் சரியான நடு இடம். 34 மி.மீ. ஸ்பூல் என்று வைத்துக்கொண்டால், கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 68 செ.மீ. நரம்பு ஏறும். தவளையை ஆட்டி நடத்தும்போது ஒரு மீட்டர் நரம்பாவது தொய்ந்து கிடக்கும். மீன் அடித்ததும் ஒன்றரைச் சுற்றில் தொய்வை அள்ளிவிடலாம். காந்த பிரேக், பக்கவாட்டுக் குமிழைத் திருகினால் போதும். எதிர்காற்று எழும்பும் நேரத்தில் பக்கத் தகட்டைக் கழற்றிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. புதிதாகப் பழகுபவருக்கு இது பெரிய வரம்.

ராயல் லெஜண்டை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. எறியும்போது சுகமான ரீல். வருடத்துக்குப் பத்து நாள் மட்டும் ஏரிக்குப் போகிறவர், ஒப்பளவில் திறந்த நீரில் எறிபவர் தாராளமாக அதை எடுக்கலாம். வாராவாரம் பாசியோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு நான் பிளாக் மேக்ஸைத்தான் கொடுப்பேன்.

நான்காவதாக ஒருவர் வருவார்: 'பழைய அம்பாசடர் ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா?' என்று. உருண்டை வடிவ அபு அம்பாசடர் 6500. சுவீடனில் கடிகாரம் செய்யத் தொடங்கிய தொழிற்சாலையின் வாரிசு. அந்த நேர்த்தி உள்ளே தெரியும். கியர் சத்தத்தில் கரகரப்பு இல்லையென்றால் பழையதாக இருந்தாலும் வாங்கலாம். ஆனால் தவளை வீசுவதற்கு அல்ல. எடை 300 கிராமுக்கு மேல், கியர் 5.3:1. காலை ஆறு மணிக்கு எறிய ஆரம்பித்தால் ஒன்பதுக்குள் தோள்பட்டை கெஞ்சும். கட்லாவுக்கு இரை போட்டுவிட்டுக் கரையில் காத்திருப்பவருக்கும், கடலோரப் பாறையில் நின்று வீசுபவருக்கும் அது பொக்கிஷம்.

ராடு விஷயத்தில் என் கருத்து பலருக்கும் ஒவ்வாது. 'ஹெவி' என்று எழுதியதைப் பார்த்ததும் பாய வேண்டாம். கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் லூர் எடை அச்சிட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள். ஹெவி ராடுகளில் பெரும்பாலும் 14 முதல் 42 கிராம் வரை இருக்கும். மீடியம் ஹெவியில் 7 முதல் 28 வரை. நம் கடைகளில் கிடைக்கும் தவளைகளில் பாதி பத்துப் பன்னிரண்டு கிராம்தான். அவற்றை அசல் ஹெவி ராடில் வீசினால் நுனி வளையவே வளையாது. வளையாத ராடு எறியாது. நாம் கையால் தள்ளுவோம், ஸ்பூல் துள்ளும், நரம்பு சிக்கும், பழி ரீலின் மேல் விழும். 15 கிராமுக்கு மேல் மட்டுமே வீசுபவர் ஹெவி எடுக்கட்டும். மற்றவர்களுக்கு ஃபாஸ்ட் ஆக்‌ஷன் (நுனிப் பக்கம் மட்டும் வளையும்) மீடியம் ஹெவி போதும்.

கார்பனா, கண்ணாடி இழையா? இந்த விலையில் கண்ணாடி இழை கலந்ததை எடுங்கள். சற்றுக் கனம்தான், ஆனால் வண்டியில் இடிபட்டாலும் மதகுச் சுவரில் உரசினாலும் தாங்கும். உயர்ரக கார்பன் என்று சொல்லி விற்கும் மலிவு ராடு ஒருமுறை கல்லில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அடுத்த பெரிய மீனுக்கு அங்கேயே முறியும்.

ஒரே துண்டா, இரண்டு துண்டா என்பதை நீங்கள் ஏரிக்குப் போகும் விதம்தான் தீர்மானிக்கும். ஏழு அடி ஒற்றை ராடை பிவிசி குழாய்க்குள் நுழைத்து அரசுப் பஸ்ஸில் ஏறினேன். 'இதற்கும் ஒரு டிக்கெட் எடுங்கள்' என்றார் நடத்துநர். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. பஸ் பயணிகள், கைப்பிடி மட்டும் தனியாகக் கழலும் வகையைத் தேடுங்கள். நடுவில் இணைப்பு இல்லாததால் வளைவு கெடாது, நீளமும் ஓரடி குறையும்.

என் 8,000 போன கணக்கு இது: ரீலுக்கு 5,000, ராடுக்கு 2,100, மீதி 900-க்கு ஐம்பது பவுண்டு இழுப்பைத் தாங்கும் பிரெய்டு. நரம்பில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். முப்பது பவுண்டு மெல்லிய பிரெய்டு, இறுக்கி இழுக்கும்போது ஸ்பூலில் உள்ள சுற்றுகளுக்கு இடையே புதைந்து அடுத்த வீச்சில் நடுவழியில் நிற்கும். பிரெய்டை வெறும் ஸ்பூலில் நேராகவும் கட்டக் கூடாது. மொத்தமாக வழுக்கிச் சுழலும். அடியில் பத்துச் சுற்று சாதாரணத் தங்கூசியை (நைலான் நரம்பை) சுற்றிவிட்டு அதோடு முடியுங்கள்.

ஆர்டர் போடும் முன் எந்தக் கை என்பதைப் பாருங்கள். ஷிமானோவில் 150 என்றால் வலக்கைப் பிடி, 151 என்றால் இடக்கைப் பிடி. ஸ்பின்னிங்கில் இடக்கையால் சுற்றிப் பழகியவர் வலக்கைப் பிடி வாங்கினால் ஒவ்வொரு வீச்சிலும் ராடைக் கை மாற்ற வேண்டும். விரால் அந்த ஒரு நொடிக்குத்தான் காத்திருக்கும்.

ராடு வாங்கப் போகும்போது சட்டைப்பையில் கொஞ்சம் பஞ்சு கொண்டு போங்கள். நரம்பு ஓடும் வளையங்கள் ஒவ்வொன்றின் உட்புறத்திலும் அதைத் தேய்த்துப் பாருங்கள். எந்த வளையத்திலாவது பஞ்சு இழை சிக்கினால் அங்கே சில்லு பெயர்ந்திருக்கிறது, உங்கள் பிரெய்டு அறுபடப் போவதும் அங்கேதான். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும், அடுத்த ராடை எடுக்கச் சொல்லுங்கள்.