புக்கெட்டில் ஸ்நார்கெலிங் போகிறவர்கள், பணம் கொடுக்கும் முன் ரசீதைப் படியுங்கள்

ஆகஸ்டு முதல் வாரம் தாய்லாந்தின் புக்கெட்டில் இருந்தோம். நான், கணவர், 8 வயது மகள், 67 வயது மாமனார். ஸ்நார்கெலிங் என்றால் மாஸ்க்கும் மூச்சு விடும் குழாயும் மாட்டிக்கொண்டு, கடலின் மேல்மட்டத்தில் மிதந்தபடி மீன்களையும் பவளப்பாறைகளையும் பார்ப்பது. அதற்குப் போய் நாங்கள் ஏமாந்த கதையை முழுதாக எழுதுகிறேன். பட்டோங் கடற்கரைச் சாலையில் படகுச் சுற்றுலா விற்கும் மேசைகள் வரிசையாக இருக்கின்றன, அடுத்து யாராவது போய் உட்காரத்தான் போகிறார்கள்.

அலுவலகம் என்று எதுவும் இல்லை. ஒரு குடை, ஒரு மேசை, நான்கு நாற்காலிகள், பிளாஸ்டிக் உறையிட்ட படங்கள். அங்கிருந்த பெண்மணி மிக இனிமையாகப் பேசினார். மாயா பே என்ற தீவு வளைகுடாவின் படத்தின் மேல் விரலை வைத்து, "இங்கே உங்கள் குழந்தை மீன்களோடு நீந்தலாம்" என்றார். படகில் 20 பேருக்கு மேல் ஏற்றமாட்டார்களாம். குழந்தைக்கென்று தனி அளவில் லைஃப் ஜாக்கெட், தண்ணீரில் கூடவே ஒரு வழிகாட்டி, மதியச் சாப்பாடு, தேசியப் பூங்காக் கட்டணம், எல்லாம் சேர்த்துத்தானாம். பெரியவர்களுக்கு 1,800 பாட் (தாய்லாந்துப் பணம்), குழந்தைக்கு 1,400. முழுப் பணமும் ரொக்கமாக, இப்போதே.

கொடுத்தோம். எதையும் எழுதி வாங்கும் பழக்கம் கணவருக்கு உண்டு. அவர் விடாமல் கேட்டதால் ரசீதின் ஓரத்தில் 'பூங்காக் கட்டணம் உட்பட' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார் அந்தப் பெண்மணி. மற்றதையும் எழுதச் சொல்லப் போனவரை, "போதும், விடுங்கள். அவர் என்ன நினைப்பார்?" என்று தடுத்தது நான்தான்.

அன்றிரவு ஐந்து நிமிடம் கைப்பேசியில் தேடியிருந்தால் போதும். மாயா பே ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு, செப்டம்பர் இரண்டு மாதமும் மூடிக் கிடக்கும். கூட்டத்தால் பவளப்பாறைகள் நாசமானதால் 2018 ஜூனில் மூடி, மூன்றரை ஆண்டு கழித்து 2022 ஜனவரியில் திறந்த இடம் அது. திறந்திருக்கும் மாதங்களிலும் அங்கே நீந்த விடுவதில்லை, கரையோரம் முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்கலாம், அவ்வளவுதான். ஆக, அந்த அம்மாள் எங்களுக்கு விற்றது எந்த மாதத்திலும் கிடைக்காத சரக்கு.

மறுநாள் காலை வேன் வந்து படகுத்துறையில் இறக்கிவிட்டது. படத்தில் பார்த்த படகைக் காணோம். வேறொரு விரைவுப் படகில் ஏற்றினார்கள். எண்ணிப் பார்த்தேன், எங்களையும் சேர்த்து 43 பேர். மேசைக்காரர் வெறும் தரகர், ஆள்பிடித்துத் தலைக்கு இவ்வளவு என்று படகுக்காரரிடம் கைமாற்றிவிடுகிறார் என்பது அங்கேதான் புரிந்தது. படகு கிளம்பியதும் ஒருவர் பூங்காக் கட்டணம் கேட்டு வந்தார். வெளிநாட்டவரில் பெரியவருக்கு 400 பாட், குழந்தைக்கு 200. ரசீதைக் காட்டினோம். "அது அவர்களுடைய கணக்கு. எனக்குத் தராவிட்டால் தீவில் இறங்க முடியாது" என்றார். நடுக்கடலில் யாரிடம் போய் முறையிடுவது? மறுபடியும் 1,400 பாட் எண்ணிக் கொடுத்தோம்.

அந்தப் பக்கக் கடலில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். படகு அலைமேல் ஏறி ஏறி விழுந்தது. மாமனார் வழிநெடுக வாந்தி எடுத்தார். 2018 ஜூலையில் இதே புக்கெட் கடலில் வானிலை எச்சரிக்கையை மீறிப் போன சுற்றுலாப் படகு கவிழ்ந்து 47 பேர் இறந்ததைத் திரும்பி வந்த பிறகுதான் படித்தேன். முன்பே தெரிந்திருந்தால் நான் ஏறியிருக்கமாட்டேன், யாரையும் ஏற விட்டிருக்கவும்மாட்டேன்.

மாயா பே வந்தது. வளைகுடாவுக்கு வெளியே எஞ்சினைத் தணித்து, "இதுதான் மாயா, படம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். ஐந்து நிமிடத்தில் மாயா முடிந்தது.

ஸ்நார்கெலிங் இடத்துக்கு வந்ததும் குவியலிலிருந்து ஒரு லைஃப் ஜாக்கெட்டை உருவி மகளுக்கு மாட்டினார்கள். பெரியவர்கள் போடுவது. கொக்கிகளில் ஒன்று உடைந்திருக்க, அந்த இடத்தில் நீல நைலான் கயிற்றை முடிச்சுப் போட்டிருந்தார்கள். கால்களுக்கு நடுவே போகும் பட்டை கிடையாது. சின்ன அளவு கேட்டேன். "நன்றாக மிதக்கும், கவலைப்படாதீர்கள்" என்றார் படகு ஊழியர். ஜாக்கெட் நன்றாகத்தான் மிதந்தது. குழந்தைதான் அதற்குள் வழுக்கிக் கீழே போனாள். கழுத்துப்பட்டை காதுக்கு மேலே ஏறி, மூக்கும் வாயும் அதற்குள் புதைந்து, கண்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கத்தக்கூட முடியவில்லை அவளால். கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். இதைக் கரையிலேயே சோதித்துவிடலாம். மாட்டிய பிறகு ஜாக்கெட்டின் தோள்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். மோவாயைத் தாண்டி ஏறினால் அது அந்தக் குழந்தைக்கு ஆகாது. அப்படிப்பட்ட ஜாக்கெட்டோடு தண்ணீரில் இறக்காதீர்கள், கட்டிய பணம் போனால் போகட்டும்.

மாஸ்க்குக்கும் ஒரு சோதனை உண்டு. பட்டையைத் தலையில் மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாகக் காற்றை இழுத்தால், கையை எடுத்த பிறகும் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எனக்குக் கொடுத்ததன் சிலிகோன் விளிம்பு விறைத்துப்போய், தண்ணீர் தாராளமாக உள்ளே வந்தது. குழாயின் கடிவாய்ப் பகுதியில் யாருடைய பற்களோ பதிந்திருந்தன. கழுவியதுதானா என்று கேட்டேன். படகு ஊழியர் கடலைக் கைகாட்டினார்.

கூடவே நீந்துவதாகச் சொன்ன வழிகாட்டி, 43 பேருக்கும் சேர்த்து ஒருவர். அவரும் தண்ணீரில் இறங்கவில்லை. படகின் ஓரத்தில் நின்று ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். தேசியப் பூங்காவில் மீன்களுக்கு உணவிடுவதே தடை செய்யப்பட்டது. பவளப்பாறை பார்க்கப் போன நாங்கள் ஊறிய ரொட்டியைப் பார்த்துவிட்டு வந்தோம்.

கரைக்கு வந்ததும் கடைசிக் கணக்கு. என் மாஸ்க்கில் கீறல் விழுந்துவிட்டதாம், 500 பாட் வேண்டுமாம். அதுவரை வாயே திறக்காத மாமனார் மாஸ்க்கை வாங்கி, கைக்குட்டையால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்தக் கீறலுக்கு என்னைவிட வயது அதிகம்" என்றார். தமிழில்தான் சொன்னார். என்ன புரிந்ததோ, அந்த ஆள் மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாள் மேசைக்குப் போனோம். வேறொருவர் உட்கார்ந்திருந்தார். படகு எங்களுடையது அல்ல, படகுக்காரரைக் கேளுங்கள் என்றார். கணவர் அங்கேயே நின்று சுற்றுலாக் காவல்துறையின் 1155-ஐ அழைத்தார். ஆங்கிலத்தில் பேசினார்கள். அவர்கள் முதலில் கேட்டது, ரசீதில் உரிம எண் என்ன, என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான். தாய்லாந்தில் சுற்றுலா நடத்துபவருக்கு உரிமம் கட்டாயம், 2008-ஆம் ஆண்டுச் சட்டம் அது. எங்கள் ரசீதில் அந்த இடம் காலியாக இருந்தது. மாயா பே, 20 பேர், குழந்தை ஜாக்கெட், வழிகாட்டி எதுவுமே அதில் இல்லை. 'தீவுச் சுற்றுலா, 4 பேர்' என்று இருந்தது, ஓரத்தில் அந்த ஒரு வரி இருந்தது.

தொலைபேசியை மேசைக்காரரிடம் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டு நிமிடம் தாய் மொழியில் பேச்சு நடந்தது. பிறகு அவர் இழுப்பறையைத் திறந்து 1,400 பாட்டை எண்ணி வைத்தார். அதற்குமேல் ஒரு பாட்கூட வரவில்லை.

ரசீதைக் கணவர் இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறார். நான் எங்காவது "போதும், விடுங்கள்" என்றால் எடுத்துக் காட்டுகிறார்.