ஈ ஓட்டும் நேரத்துக்கு எந்தப் புத்தகம்?

வேலை இடத்தில் சும்மா இருக்கும் நேரம் இரண்டு வகை. ஒன்று, யார் எப்போது வருவார், எப்போது போன் அடிக்கும் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது. வரவேற்பு மேசை, கல்லா, மருந்துக் கடை, உதவி எண் எல்லாம் இந்த வகை. இன்னொன்று இரவு ஷிப்ட். இயந்திரம் தன்பாட்டுக்கு ஓடும், ஆள் பக்கத்தில் இருந்தால் போதும், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். புத்தகம் சிபாரிசு செய்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து, தங்களுக்குப் பிடித்த பத்துப் புத்தகங்களை அடுக்கிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ராத்திரி வீட்டில் படுத்துக்கொண்டு படிக்க அருமையாக இருக்கும் புத்தகம், கல்லாவில் உட்கார்ந்து படிக்க லாயக்கில்லாமல் போகலாம். எதை வாக்கியத்தின் பாதியில் மூடிவிட்டு "சொல்லுங்க" என்று நிமிர முடியும், கால் மணி நேரம் கழித்து எதை விட்ட இடத்தில் சிரமமில்லாமல் பிடிக்க முடியும்? எனக்கு இதுதான் அளவுகோல்.

படிக்க அனுமதி உண்டா என்பதை அவரவர் கேட்டுக்கொள்ளவும். கண் விலகினால் யாருக்காவது அடிபடும் என்கிற வேலையாக இருந்தால், இந்தக் கட்டுரையே உங்களுக்கு இல்லை.

கணேஷ்–வசந்த் ஜோடியா, ஹோம்ஸா?

நேரம் போகவேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் நீட்டுவது துப்பறியும் கதையைத்தான். நேரம் போகும், சந்தேகமில்லை. கூடவே வேலையும் போய்விடக்கூடும். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' நல்ல உதாரணம். பழைய பங்களா, இருட்டு, நடப்பதெல்லாம் பேயின் வேலையா மனிதனின் வேலையா என்று கடைசிவரை இழுக்கும் சந்தேகம், நடுவில் வக்கீல் கணேஷின் தர்க்கமும் வசந்தின் குறும்பும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு கொக்கி போட்டு நிறுத்தும் எழுத்து அது. அந்தக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவர் வந்து "சில்லறை இருக்கா?" என்று கேட்டால் அவரை நாம் பார்க்கும் பார்வை அவ்வளவு நன்றாக இருக்காது.

ஆர்தர் கானன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸை வைத்து எழுதியது 4 நாவல்கள், 56 சிறுகதைகள். நாவல்களை விட்டுவிடலாம். சிறுகதைகள் பெரும்பாலும் ஒரே அமைப்பு: ஒருவர் வந்து தன் பிரச்சினையைச் சொல்வார், ஹோம்ஸ் கிளம்பிப் போவார், கடைசியில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு விளக்குவார். எங்கே இருக்கிறோம் என்பது எப்போதும் தெரிவதால் நடுவில் நிறுத்தினாலும் குழப்பம் வராது. சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கும் எல்லோரும் படிக்கவேண்டிய கதை ஒன்றும் அதில் இருக்கிறது. 1891இல் வந்தது. சிவப்பு முடி உள்ளவர்களுக்கென்று ஒரு சங்கம். அதில் சேர்ந்த அடகுக் கடைக்காரர் தினமும் காலை 10 மணியிலிருந்து 2 மணி வரை ஓர் அறையில் உட்கார்ந்து கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுதவேண்டும். நடுவில் எழுந்து வெளியே போகக்கூடாது. வாரத்துக்கு 4 பவுண்டு கூலி. எட்டு வாரம் எழுதியும் மனிதர் முதல் எழுத்தைத் தாண்டவில்லை. இந்த வெட்டி வேலைக்கு ஒருவன் எதற்காகக் காசு கொடுக்கவேண்டும் என்பதுதான் மர்மமே.

ஆக, ஆள் வந்து போகும் இடத்துக்கு ஹோம்ஸ். கணேஷும் வசந்தும் இரவு ஷிப்டுக்கு. ஆனால் தனியாக இருக்கும் கட்டடத்தில் நள்ளிரவில் 'கொலையுதிர் காலம்' படிப்பது உங்கள் தைரியத்தைப் பொறுத்தது.

கல்கியா, உ.வே.சா.வா?

என்னைக் கேட்டால் உண்மையான போட்டி இங்கேதான். கல்கியின் 'பொன்னியின் செல்வன்', உ.வே.சா.வின் தன்வரலாறான 'என் சரித்திரம்', இரண்டுமே வாரப் பத்திரிகையில் தொடராக வந்தவை. அதாவது ஏழு நாள் மறந்துவிட்டுத் திரும்பி வரும் வாசகருக்காகவே எழுதப்பட்டவை. இடையூறு என்பது இந்த எழுத்தின் பிறவியிலேயே இருக்கிறது. அதனால்தான் வேலை நேரத்துக்குத் தொடராக வந்த புத்தகங்களை, ஒரே மூச்சில் எழுதிய நாவல்களைவிட மேலே வைக்கிறேன்.

'பொன்னியின் செல்வன்' 1950இலிருந்து 1954 வரை ஓடியது. ஐந்து பாகம், முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவாக அத்தியாயங்கள். தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். வந்தியத்தேவன் மடியில் ரகசிய ஓலையை வைத்திருக்கிறான், ஆனாலும் ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையை மெல்ல நடக்கவிட்டுக் கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிறான். அடுத்த அத்தியாயத்திலேயே ஆழ்வார்க்கடியான் தெருவில் நின்று சைவரோடும் அத்வைதியோடும் வாய்ச்சண்டை போடுகிறான். கதை எங்கும் ஓடிவிடவில்லை. நீங்கள் எழுந்து போய் ஒரு பில் போட்டுவிட்டு வந்தாலும் அவர்கள் அங்கேயே வாதாடிக்கொண்டிருப்பார்கள். யாராவது நீண்ட நாள் கழித்து மறுபடி தலைகாட்டினால், இவர் இன்னார், முன்பு இங்கே பார்த்தோமே என்று கல்கியே ஞாபகப்படுத்திவிடுவார்.

குறை என்ன? ஒன்று, அத்தியாயக் கடைசியில் கொக்கி போடும் வித்தை கல்கிக்கும் கைவந்த கலை. மூன்றாம் பாகத்துக்கு மேல் அது சுஜாதா அளவுக்கே இழுக்கும். இரண்டு, பழுவேட்டரையர் இருவர், சிற்றரசர் பலர், அவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை. அடிக்கடி எழுந்து போகிறவருக்கு முதல் பாகத்தில் உறவுமுறை தலைசுற்றும். மூன்று, இதை இன்னும் படிக்காதவர்களைத் தேடவேண்டியிருக்கிறது. படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரிந்தாயிற்று. கதை தெரிந்தபின் படித்தால் கொக்கியின் கூர் மழுங்கிவிடும் என்பதால், வேலை நேரத்துக்கு அது நல்லதும்கூட.

'என் சரித்திரம்' இதற்கு நேர் எதிர். உ.வே. சாமிநாதையர் 1940இல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கினார். 1942இல் அவர் காலமானபோது 122 அத்தியாயங்களோடு நின்றுபோனது. தமிழ்த் தாத்தா என்றதும் கடினமான நடையாக இருக்கும் என்று பலர் தொடவே மாட்டார்கள். திறந்து பார்த்தால் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற பெரியவரின் குரல்தான். கொக்கி கிடையாது. ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு சம்பவம், ஒரு மனிதர், ஒரு பயணம், அதோடு முடிந்தது. நூற்றுக்கணக்கான பேர் வந்து போகிறார்கள், ஆனால் ஒருவரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டிய கட்டாயம் இல்லை. உ.வே.சா.வின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை மட்டும் நினைவில் வைத்தால் போதும். அவரை மறக்கவும் முடியாது.

ஒரே ஒரு பகுதியைச் சொல்கிறேன். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்க உ.வே.சா. போகிறார். அப்போதே கல்லூரித் தமிழாசிரியர், நிறையப் படித்தவர் என்ற பெயரும் உண்டு. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று இவர் அடுக்கிக்கொண்டே போகிறார். எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சரி, இதெல்லாம் படித்து என்ன ஆயிற்று, சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்கிறார். அந்த ஒரு கேள்வி இவர் வாழ்க்கையைத் திருப்பிவிடுகிறது. 1887இல் சிந்தாமணி அச்சாகி வெளிவருகிறது. வேலைக்கு நடுவே பத்து நிமிஷத்தில் படித்துவிடலாம். படித்தபின் அடுத்து வருகிற ஆளிடம் எரிந்து விழவும் மாட்டீர்கள், மனசு வேறெங்கோ தொங்கிக்கொண்டும் இருக்காது.

முதல் சில அத்தியாயங்கள் ஊர், முன்னோர் என்று மெதுவாகத்தான் போகும். அலுத்தால் தாண்டிவிட்டுப் பிள்ளையவர்களைச் சந்திக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள், பாதகமில்லை. இந்த ஜோடியில் என் ஓட்டு தயக்கமில்லாமல் 'என் சரித்திர'த்துக்கு. கல்கியை ஏற்கனவே ஒருமுறை படித்தவர்கள் மட்டும் மாற்றிப் போடலாம்.

புதுமைப்பித்தனா, அசோகமித்திரனா?

சிறுகதைதானே இதற்கெல்லாம் லட்சணமான விடை என்று தோன்றும். அளவில் சரி. ஆனால் சிறுகதைக்கு வேறொரு ஆபத்து உண்டு, முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

புதுமைப்பித்தனிடம் இது இரண்டு பக்கமும் வெட்டும். 'செல்லம்மாள்' கதையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை நோயாளி மனைவியை வைத்துக்கொண்டு நாளைத் தள்ளுகிறார். அதை முடித்த கையோடு யாரைப் பார்த்தும் "வாங்க" என்று சிரிக்க முடியாது. 'பொன்னகரம்' சில பக்கங்கள்தான், கடைசி வரியில் அறை விழும். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' படித்தால் எதிர்த் தொல்லை. சித்த வைத்தியப் பத்திரிகை நடத்துகிறவர், வழியில் கிடைத்த கடவுளையே சந்தாதாரராகப் பிடித்துப் போடுகிறார். அமைதியான அலுவலகத்தில் தனியாகச் சிரிக்கும் ஆளைப் பற்றி மற்றவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்பது தெரிந்ததுதானே.

அசோகமித்திரன் குரலை உயர்த்தவே மாட்டார். 'புலிக் கலைஞன்' கதையில் சினிமாக் கம்பெனி அலுவலகத்துக்கு வேஷம் கேட்டு வருகிற காதர், மேசை நாற்காலிகளுக்கு நடுவிலேயே புலியாக மாறிக்காட்டுகிறான். என்ன ஒரு காட்சி! அதையும் அலட்டாமல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். வருத்தம் உடனே வராது, சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதுதான் மெல்ல வந்து சேரும். வேலை நேரத்துக்கு இப்படித் தாமதமாக வேலை செய்கிற எழுத்துதான் தோது.

அவரே இந்த அனுபவம் உள்ளவர். ஜெமினி ஸ்டூடியோவில் அவருக்குக் கொடுத்த வேலை செய்தித்தாள்களை வெட்டிக் கோப்பில் சேர்ப்பது. நாள் முழுக்கப் பேப்பர் கிழித்துக்கொண்டிருக்கும் ஆளைப் பார்த்து, இவருக்கு வேலையே இல்லை என்று பலர் நினைத்ததாக எழுதியிருக்கிறார். அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸும் இப்படித்தான். பியூனஸ் அயர்ஸின் ஒரு நகராட்சி நூலகத்தில் ஏறத்தாழ 9 ஆண்டுகள் பட்டியல் தயாரிக்கும் வேலை. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிற வேலைதான். அவர் வேகமாகச் செய்யப்போக, சக ஊழியர்கள் கூப்பிட்டு மெதுவாகச் செய்யச் சொன்னார்கள். அப்புறம் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு அடித்தளத்தில் போய் உட்கார்ந்து படிப்பதும் எழுதுவதும்தான். ஆக, இது கௌரவமான பழக்கம், கூச்சப்படவேண்டியதில்லை.

மற்றவை

கவிதைத் தொகுப்பு நல்ல யோசனை போலத் தெரியும், நடைமுறையில் சரிப்படாது. கவிதைக்கு வேண்டியது ஓய்வு, சும்மா இருப்பது வேறு. குறள் விதிவிலக்கு. ஏழே சீர், ஒன்றைப் படித்துவிட்டு மூடி வைத்துக்கொண்டே யோசிக்கலாம், கண் வாசலில் இருக்கலாம். சுயமுன்னேற்றப் புத்தகத்தை வேலை இடத்தில் படிக்கவே படிக்காதீர்கள், வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றும்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1736இலிருந்து 1761 வரை எழுதிய குறிப்புகள். தேதி போட்டு எழுதியது என்பதால் எந்தப் பக்கத்திலும் நுழையலாம், எந்தத் தேதியிலும் வெளியேறலாம். பதினெட்டாம் நூற்றாண்டுப் பேச்சுநடை பழகும்வரை திணறும். பழகிவிட்டால், துரைமார் மாளிகையின் ஊர்வம்பை அந்தக் காலத்து ஊழியர் ஒருவரே நம் காதில் சொல்வது தனி சுகம்.

இரவு ஷிப்டுக்காரர்கள் இந்தச் சில்லறைக் கணக்கெல்லாம் பார்க்கவேண்டாம், பெரிய நாவலை எடுக்கலாம். தி. ஜானகிராமனின் 'மோகமுள்' இரவின் முதல் பாதிக்கு. சங்கீதமும் பேச்சுமாக அது தாலாட்டும், அதனாலேயே நள்ளிரவுக்கு மேல் ஆபத்து. அதற்குப்பின் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப்போர்க் காலத்து மெடானும் பினாங்கும், யார் பேசுகிறார் என்றே சில இடங்களில் சொல்லாத பேச்சுகளும், திடீரென்று புகுந்து வரும் பழந்தமிழ் வரிகளும் தூங்கவிடாது. கவனம் கொஞ்சம் பிசகினால் ஒன்றும் புரியாது என்பதே அதன் சிறப்பு.

காகிதமா போனா என்று கேட்டால், காகிதம். 'என் சரித்திர'மும் 'பொன்னியின் செல்வ'னும் மதுரைத் திட்டம் என்ற தமிழ் மின்னூல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் போனில் நீங்கள் உ.வே.சா. படிக்கிறீர்களா வீடியோ பார்க்கிறீர்களா என்பது மேலதிகாரிக்குத் தெரியாது. இரண்டு காதையும் அடைக்கிற ஒலிப்புத்தகம் ஆள் வரும் இடத்துக்கு ஆகவே ஆகாது. காகிதப் புத்தகத்துக்கு மட்டும் ஒரு பழுப்பு அட்டை போட்டுவிடுங்கள். வரவேற்பு மேசையில் 'கொலை' என்று கொட்டை எழுத்தில் ஒரு புத்தகம் கிடந்தால் வருகிறவர்கள் அந்தப் புத்தகத்தைப் பற்றியே பேச ஆரம்பித்துவிடுவார்கள், அப்புறம் நீங்கள் படித்த மாதிரிதான்.