பாஸ் ரிவர் காட்டில் என் இரும்புப் பெட்டி

ஜியோகேஷ் வைக்க ராணுவத் தோட்டாப் பெட்டி வாங்கலாமா, இப்போது விலை இறங்கியிருக்கிறதே என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஜி.பி.எஸ். துணையோடு, யாரோ ஒளித்து வைத்த பெட்டியைத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டுதான் ஜியோகேஷிங்; அந்தப் பெட்டி ஜியோகேஷ், சுருக்கமாகக் கேஷ். நியூஜெர்சியின் பாஸ் ரிவர் மாநிலக் காட்டில், அனுமதி வாங்கி, அப்படி ஒரு பெட்டியைப் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். போன வாரம்தான் மூடியின் ரப்பரை மாற்றினேன்.

பெட்டியைக் குறை சொல்லவே முடியாது. பிளாஸ்டிக் டப்பாக்கள் ஒரு குளிர்காலத்திலேயே விரிசல் விட்டு, கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுத உள்ளே இருக்கும் பதிவேடு கூழாகிவிடும். இதில் தாள் காய்ந்தே இருக்கிறது. கையுறையைக் கழற்றாமலே கொக்கியைத் திறக்கலாம். பழைய ராணுவ எழுத்துகளை மறைத்துப் பெயின்ட் அடித்தால் போதும்.

என் எரிச்சல் வேறு. ஒரு பொருளை எடுத்தால் இன்னொன்றை வைப்பது இந்த விளையாட்டின் வழக்கம். பெட்டி பெரிது என்பதால் நிறைய வைக்கிறார்கள். அதில் லைட்டர் வருகிறது, தீப்பெட்டி வருகிறது. எடுத்துப் போட்டால் அடுத்த முறை இன்னொன்று கிடக்கிறது. ஜியோகேஷிங் விதிகளிலேயே லைட்டர் கூடாது. அதைவிட, நான் இந்தக் கேஷை வைத்ததே காட்டுத்தீயைப் பற்றிச் சொல்லத்தான். மூடியைத் திறந்ததும் ஓர் அட்டை இருக்கும்: முகாம் தீயில் தண்ணீர் ஊற்றுங்கள், கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள், கை வைத்துப் பாருங்கள், சூடு இருந்தால் கிளம்பாதீர்கள். அந்த அட்டையின் மேலேயே லைட்டர்!

வைப்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு வைப்பதில்லை, அதுவும் தெரியும். வழி தவறியவருக்கு உதவட்டும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் அடுத்து மூடியைத் திறப்பது பெரும்பாலும் ஒரு குழந்தை.

இது எந்த மாதிரிக் காடு என்று தெரிந்தால் என் கோபம் புரியும். 1905இல் வாங்கப்பட்டது, நியூஜெர்சியின் முதல் மாநிலக் காடு. மணல் தரை, மழைத் தண்ணீர் நிற்காது. நேற்று நனைந்த சருகு இன்று பற்றிக்கொள்ளும். பிட்ச் பைன் மரங்களில் பிசின் அதிகம். அவற்றின் பட்டை தடிமன், கருகிய அடிமரத்திலிருந்தே பச்சை ஊசியிலை துளிர்க்கும். பார்க்க அத்தனை அழகு, அதைக் காட்டத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் 1977இல் இதே காட்டில் தீயணைக்கப் போன தன்னார்வ வீரர்கள் நான்கு பேர் திரும்பவில்லை. 2025 ஏப்ரலில் இதே மாநிலத்தின் ஓஷன் கவுன்ட்டியில் 15,000 ஏக்கருக்கு மேல் எரிந்ததே, அதற்குச் சரியாக அணைக்காமல் விட்ட தீதான் காரணம் என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

சரி, நண்பருக்குப் பதில்: வாங்காதீர்கள். இவ்வளவு நல்ல பெட்டி வேறு இல்லை, ஆனாலும் வேண்டாம். பைசன் ட்யூப் எனப்படும், விரல் அளவு உலோகக் குழாய் ஒன்று வாங்குங்கள். சுருட்டிய பதிவுத் தாளைத் தவிர அதில் எதுவும் நுழையாது. தீ பற்றிய செய்தியைக் இணையத்தில் கேஷின் விவரக் குறிப்பில் எழுதிவிடலாம், இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். எண்களை எடுக்க அங்கே வருகிறவர் கண்ணில் அது படாமல் போகாது. வசந்தகாலத் தீப்பருவம் மார்ச்சில் தொடங்கும். அதற்குள் என் பெட்டியையும் எடுத்துவிடுவேன்.