மோட்டோஜிபி வீடியோபாஸ்: விலை அதிகம்தான், ஆனாலும் வாங்கலாம்

மோட்டோஜிபி என்கிற உலக மோட்டார் சைக்கிள் பந்தயத் தொடரை ஒரு பந்தயம் விடாமல் பார்க்கிற ஆள் என்றால், வீடியோபாஸை யோசிக்காமல் வாங்கலாம். போட்டியை நடத்துகிற நிறுவனமே நேரடியாக விற்கும் இணைய நேரலைச் சந்தா இது. இந்த வருஷம் ஒளிபரப்பு உரிமம் எந்தச் சேனலுக்குப் போனது, எந்தச் செயலியை இறக்க வேண்டும் என்ற தேடலே கிடையாது. பெரும்பாலான நாடுகளில் அதே கணக்கு வேலை செய்யும்.

அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று ஃபார்முலா ஒன் ரசிகர்களைக் கேளுங்கள். இந்தியாவில் அந்தக் கார் பந்தயம் 2022 வரை ஸ்டார் ஸ்போர்ட்ஸில் வந்தது. 2023-இல் டிவியில் இல்லை, ஃபார்முலா ஒன்னின் சொந்த இணையச் சேவையான எஃப்1 டிவி ப்ரோவுக்குச் சந்தா கட்ட வேண்டியிருந்தது. 2024-இல் உரிமம் ஃபேன்கோடு என்ற செயலிக்குப் போய்விட்டது. பிரிட்டனில் நேரலை உரிமம் ஸ்கை தொலைக்காட்சியிடம் இருப்பதால் எஃப்1 டிவி ப்ரோவை அங்கே விற்பதே இல்லை. எங்கள் ஊர் கோயம்புத்தூர். எங்கள் ஊர்க்காரர் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஜோர்டான் அணிக்கு ஓட்டியபோது, கார் பந்தயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத என் தாத்தாகூட ரிமோட்டை எடுத்துச் சேனலைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அப்படி வழியில் வந்து உட்கார்ந்து ரசிகராகிறவர்களுக்கு இப்போது இடமே இல்லை. எனக்கு உண்மையில் வலிக்கிற விஷயம் அதுதான்.

சரி, வீடியோபாஸுக்கு வருவோம். பயிற்சி, தகுதிச் சுற்று, சனிக்கிழமை நடக்கும் ஸ்பிரிண்ட் என்ற குறும்பந்தயம், கீழ்ப் பிரிவுகளான மோட்டோ2, மோட்டோ3 எல்லாம் இதிலேயே நேரலையாக வரும். ஐரோப்பியப் பந்தயங்கள் பெரும்பாலும் நம் நேரம் மாலை 5:30-க்கு என்பதால் ஞாயிற்றுக்கிழமை வசதி. அமெரிக்காவின் ஆஸ்டின் பந்தயம் நள்ளிரவு தாண்டித்தான் வரும். அதை மறுநாள் பார்க்கும்போது முடிவு கண்ணில் படாமல் மறைத்து வைக்கும் வசதி இருக்கிறது. நான் முன்பு வைத்திருந்த ஒரு செயலியில் வீடியோவின் முகப்புப் படத்திலேயே கோப்பையைத் தூக்கிப் பிடித்தபடி ஜெயித்தவர் நிற்பார். அதற்கப்புறம் முக்கால் மணி நேரப் பந்தயத்தை எதற்குப் பார்ப்பது?

பழைய பந்தயங்கள்தான் பெரிய சொத்து. 1992 முதல் இருக்கின்றன. போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி ஸ்பெயினில் நடந்த 2009 கேட்டலூனியா பந்தயத்தைத் தம்பிக்குப் போட்டுக் காட்டினேன். முதலிடத்துக்கு மோதிய ரோஸி, லொரென்ஸோ என்ற இரண்டு வீரர்களும் ஒரே யமஹா அணி. கடைசிச் சுற்றில் கடைசி வளைவு, வழக்கமாக யாரும் முந்தத் துணியாத இடம். ரோஸி உள்பக்கமாகப் புகுந்து 0.095 நொடியில் ஜெயிக்கிறார். தம்பி ரிமோட்டைப் பிடுங்கி அந்த வளைவையே திரும்பத் திரும்ப ஓட்டினான். இப்போது அவனும் சனிக்கிழமை மாலை எங்கேயும் போவதில்லை.

குறை என்றால் முதலில் விலை. நான் கட்டியபோது ஆண்டுச் சந்தா நூறு யூரோவுக்கும் மேல். அதன் மேல் வங்கி பிடிக்கிற அந்நியச் செலாவணிக் கட்டணம் வேறு. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே இயக்கி வைக்க மறக்காதீர்கள். கல்லூரி மாணவர் ஒருவருக்கு இந்தத் தொகையைக் கட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு மூன்று பேர் ஒரே வீட்டில் கூடிப் பார்த்தால் நியாயமாகத் தெரியும். தமிழ் வர்ணனை கிடையாது. ஆங்கில வர்ணனையோடுதான் வாழ வேண்டும், அது நன்றாகவே இருக்கிறது.

ஒரே ஒரு பயம். ஃபார்முலா ஒன்னின் உரிமையாளரான லிபர்ட்டி மீடியாதான் 2025 ஜூலையில் மோட்டோஜிபியை நடத்துகிற டோர்னா நிறுவனத்தையும் வாங்கி முடித்தது. நாட்டுக்கு நாடு உரிமத்தைத் தனித்தனியாக விற்று, நேரடிச் சந்தாவை அங்கங்கே நிறுத்துகிற பழக்கத்தை அங்கிருந்து இங்கேயும் கொண்டு வந்துவிடக் கூடாது. விலையை வேண்டுமானால் நம் ஊர் வருமானத்துக்கு ஏற்றபடி ரூபாயில் வைக்கட்டும், ஆனால் இந்தக் கதவை மூட வேண்டாம். அதனால் இப்போதைக்கு ஒவ்வொரு சீசனாகவே கட்டுங்கள். கட்டுவதற்கு முன் இந்தியாவில் நேரலை உண்டா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.