கோலோக் ஆற்றைக் காரோடு கடக்க: ஃபெரியா, பாலமா?

மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில், கோலக்கிராய் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சொந்தக் காரில் தாய்லாந்து போக மூன்று வாசல்கள் உண்டு. தும்பாட்டைத் தாண்டினால் பெங்காலான் குபோர் ஃபெரி. ரந்தாவ் பாஞ்சாங்கில் 1973-இல் திறந்த பாலம். தானா மேராவுக்கு மேற்கே புக்கிட் பூங்காவில், 2007 டிசம்பரில் திறந்த இன்னொரு பாலம். மூன்றும் கடப்பது 1909 ஆங்கிலேய–சியாம் உடன்படிக்கை எல்லையாக்கிய அதே கோலோக் ஆற்றைத்தான். ஆற்றைக் கடக்கும் நிமிடங்களை மட்டும் எண்ணி வாசலைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் பிறகு திண்டாடுகிறார்கள். அக்கரையில் எந்த ஊருக்குப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புகிறோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஃபெரி

கோலக்கிராயின் பாசிர் காஜா பக்கமிருந்து கோத்தா பாரு வழியாகப் பெங்காலான் குபோர் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அக்கரை தாக் பாய். நராத்திவாட் கடற்கரைப் பக்கம் போகிறவர்களுக்கு இதுவே நேர்வழி. வேறு எங்கே போவதானாலும் சுற்றுவழி.

கடப்பது சில நிமிட வேலை. காத்திருப்புதான் நீளம். ஒரு நடையில் கொஞ்சம் கார்களே ஏறும், முன்னால் ஒரு லாரி நின்றால் இன்னும் குறையும். ஏறுமிடத்தில்தான் கார் அடிபடும். ஆறு கடலில் விழும் இடம் பக்கத்தில் இருப்பதால் நீர்மட்டம் ஓதத்தோடு ஏறி இறங்கும். மட்டம் மாறினால் சரிவுத்தட்டின் சாய்வும் மாறும். சுருள்வில் வெட்டித் தாழ்த்திய கார், பாடிகிட் போட்ட கார் முன்பக்கம் உரசும். ஐந்து பேரும் பின்பூட் நிறையச் சாமானும் இருந்தால் பின்பக்கம் தொங்கி, புகைக்குழாய் தட்டும். ஓட்டுநரைத் தவிர எல்லாரையும் இறக்கிவிட்டு ஏற்றுங்கள். ஆட்டோ கியர் என்றால் தாழ்ந்த கியரில் ஒரே சீராக ஏற வேண்டும். சேறு படிந்த இரும்புத் தட்டின் நடுவில் பிரேக் மிதித்தால் சக்கரம் வழுக்கும். மேலே நின்றதும் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி வையுங்கள். குழந்தைகளைக் காருக்குள் விட வேண்டாம். கட்டணத்துக்கு மலேசிய வெள்ளியும் (ரிங்கிட்) தாய்லாந்துச் சில்லறை பாட்டும் இரண்டும் கையில் இருக்கட்டும்.

பொழுது சாயும் நேரம்தான் ஃபெரியின் பெரிய கண்ணி. தாய்லாந்து கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அக்கரைப் பலகையில் இருப்பது அவர்கள் நேரம், இக்கரையில் இருப்பது நம் நேரம். இரண்டையும் குழப்பி கடைசி நடையை விட்டால், ஆற்றோரச் சாலையில் 30 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி ரந்தாவ் பாஞ்சாங்குக்கு எதிர்க்கரையான சுங்கை கோலோக்கின் பாலத்துக்கு வர வேண்டும். இருட்டில் ஓட்டத் தகுந்த சாலை இல்லை அது.

அவசரத்துக்குச் சிறுபடகில் ஆள் மட்டும் கடந்துவிடலாம் என்ற பழைய பழக்கமும் இனி வேண்டாம். 2024 டிசம்பர் 1 முதல் கிளந்தான் காவல்துறை அதைக் கண்டிப்பாகத் தடுக்கிறது.

ரந்தாவ் பாஞ்சாங் பாலம்

தூரம் ஃபெரியைவிடக் குறைவு, ஓதக் கவலையும் இல்லை. தாய்லாந்துக் காப்புறுதி எழுதுவதற்கும் படிவம் நிரப்பித் தருவதற்கும் ஆள் கிடைக்கும். இறங்கினால் நேராகச் சுங்கை கோலோக் நகரம், தாய்லாந்துத் தெற்கு இரயில்பாதையின் கடைசி நிலையம், தங்கும் விடுதிகள். முதல்முறை காரோடு போகிறவர்களுக்கு இந்த வாசல்தான் சரி. ஆனால் கிளந்தானில் வெள்ளி, சனி விடுமுறை. வெள்ளிக்கிழமை காலையில் வரிசை பாலத்துக்கு வெகு முன்பே தொடங்கிவிடும். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழையில் ஆறு கரை மீறினால் ரந்தாவ் பாஞ்சாங் ஊரே தண்ணீரில் நிற்கும். பாலம் மேலே இருந்து என்ன, அதற்குப் போகும் சாலை கீழேதானே.

புக்கிட் பூங்கா

மாச்சாங், தானா மேரா வழி. ஆற்றின் மேல்பகுதி, நெரிசல் குறைவு. அக்கரை பான் புக்கேத்தா, வேங் மாவட்டத்தின் காட்டோரம். தாளெல்லாம் முன்கூட்டியே தயார் என்றால் மூன்றில் இதுவே நிம்மதி. காப்புறுதியும் படிவமும் அங்கே போய்த்தான் எழுதிக்கொள்ள வேண்டும் என்றால் வேண்டாம்.

ஹாட்யாய்தான் இலக்கென்றால் இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். நராத்திவாட், பத்தானி வழியாக 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதைவிட, ஜெலி–கிரிக் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் கெடா போய் புக்கிட் காயு ஹீத்தாமில் நுழையலாம். நேரம் கூடத்தான் ஆகும். ஆனால் தாய்லாந்தின் தெற்கு மாநிலங்களில் 2004-இலிருந்து நீடிக்கும் கலவரத்தால் இராணுவச் சோதனைச் சாவடிகள் ஏராளம். கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் பகலிலேயே போங்கள், யானை குறுக்கே வரும்.

தாக் பாயில் இறங்கினாலும் கோலோக்கில் இறங்கினாலும் சாவடியில் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, இரவென்றால் உள்விளக்கைப் போட வேண்டும். சந்தை முன்னாலோ அரசு அலுவலகம் முன்னாலோ காரைப் பூட்டிவிட்டு நெடுநேரம் போய்விடாதீர்கள். அங்கே அனாதையாக நிற்கும் கார் என்றாலே சந்தேகம்தான்.

தாள்கள்

தாள் எந்த வாசலிலும் ஒன்றுதான், அது இல்லாவிட்டால் ஏற்படும் சிரமம்தான் வேறு. பாலத்தில் திரும்பி வந்து வாங்கலாம். ஃபெரியில் அக்கரை போய்த் திருப்பி அனுப்பினால் இரண்டு நடை வீண்.

கடப்பிதழும் லைசென்சும் காரின் கிராண்டும் (பதிவுப் பத்திரம்) வேண்டும். கார் வங்கிக் கடனில் இருந்தால் வங்கியின் அனுமதிக் கடிதமும், வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய ஒப்புதல் கடிதமும் சேரும். சாலை வரி கைப்பேசியில் இருக்கிறது என்று காட்டினால் அங்கே ஏற்பார்கள் என்று நம்ப வேண்டாம், அச்சடித்த தாள் எடுத்துப்போங்கள். லைசென்ஸ் செல்லும், ஆசியான் நாடுகள் 1985-இல் செய்த ஒப்பந்தம் அது. 2025 மே முதல் ஒவ்வொருவரும் பயணத்துக்கு மூன்று நாளுக்குள் தாய்லாந்து மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், குழந்தைக்கும் தனியாக. குடிநுழைவு முகப்பில் காருக்கு டிஎம் 2 படிவம், பயணிகளுக்கு டிஎம் 3 படிவம். பிறகு சுங்கத்துறை தற்காலிக இறக்குமதித் தாள் தரும்.

காப்புறுதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நம் மலேசியக் காப்புறுதி சிங்கப்பூருக்கும் புருணைக்கும் செல்லும். தாய்லாந்துக்குக் கூடுதலாக விரிவாக்கம் எழுத வேண்டும். அப்படி எழுதியிருந்தாலும் தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதியைத் தனியே வாங்கியே ஆக வேண்டும். அந்தக் கட்டாயக் காப்புறுதியோ மனிதர் காயத்துக்கும் உயிருக்கும் மட்டும்தான். எதிர்க் காரின் பம்பரை நசுக்கினால் அது ஒரு பாட்டும் தராது. எல்லையில் மலிவாக நீட்டுவது பெரும்பாலும் இதுவே. பொருள் சேதத்துக்கும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

சுங்கத் தாளில் ஒரு தேதி போட்டிருக்கும். தாண்டினால் நாளுக்கு 1,000 பாட், அதிகபட்சம் 10,000 பாட் அபராதம். ஃபெரியில் நுழைந்து பாலத்தில் திரும்பும் எண்ணம் இருந்தால் நுழையும்போதே அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். வெளியேறும்போது அந்தத் தாளை ஒப்படைக்காமல் வந்தால், கார் இன்னும் அவர்கள் நாட்டிலேயே இருப்பதாகத்தான் பதிவு நிற்கும்.

திரும்பும்போது பின்பூட்டில் அரிசி மூட்டை வேண்டாம். அரிசி இறக்குமதி உரிமை பெர்னாஸ் என்ற மலேசிய நிறுவனத்திடம் மட்டும் இருப்பதால் அது பிடிபடும். செடி, விதைக்கும் தனி அனுமதி வேண்டும்.