500 வாட் என்று போட்டால் 500 வாட் ஆகிவிடுமா?

கம்ப்யூட்டர் கேபினெட்டோடு சேர்த்துத் தலையில் கட்டுவார்களே, பேர் தெரியாத பவர் சப்ளை, அதைத்தான் போட்டு ஓட்டிப் பார்த்தேன். பெட்டியில் 500 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, சரி, ஆனால் பக்கத்து லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர்தான், அதாவது 216 வாட், பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இழுப்பது அதிலிருந்துதான் என்பதால் மீதி எண்ணெல்லாம் சும்மா அலங்காரம். தூக்கினால் கனமே இல்லை. கார்டுக்கான ஆறு பின் கேபிளும் கிடையாது.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் டைப்பிங், பிரவுசிங், படம் பார்ப்பது என்றால் ஓடுகிறது. மோலெக்ஸிலிருந்து (பழைய ஹார்ட் டிஸ்குக்கான நாலு பின் இணைப்பு) கன்வர்ட்டர் மாட்டி ஒரு சின்ன கார்டு செருகி கேம் போட்டதும் திரை கறுத்து ரீஸ்டார்ட். 12 வோல்ட் லைனில் மல்டிமீட்டர் வைத்தால் 11.2 வோல்ட், இந்த மாதிரி பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் 2 தர விதிப்படி 11.4-க்குக் கீழே போகவே கூடாது.

செத்தால் தான் மட்டும் செத்துத் தொலைந்தால் பரவாயில்லை, ஓவர்வோல்டேஜ் பாதுகாப்பு (வோல்டேஜ் எகிறினால் தானே நிறுத்திக்கொள்வது) ஒழுங்காக இல்லாதவை மதர்போர்டையும் கூடவே இழுத்துக்கொண்டு போகக்கூடும், அங்கேதான் மிச்சம் பிடித்த காசு போகிறது.

கார்டு போடுவதாக இருந்தால் இது வேண்டாம். சின்ன கார்டுக்கு 80 பிளஸ் முத்திரையுள்ள 450 வாட் போதும் (அந்த முத்திரை மின்சிக்கனத்துக்குத்தான், பாதுகாப்புக்கு அல்ல), அப்புறம் வாரண்டி எத்தனை வருஷம் என்றும் பாருங்கள். பட்ஜெட் இடித்தால் கலர் விளக்கு ஃபேனை வெட்டுங்கள்.