மூக்கிலிருந்தா, மஜ்ஜையிலிருந்தா, ஆய்வகத்திலிருந்தா? தண்டுவடக் காயத்துக்கான உயிரணு மாற்று: ஓர் ஒப்பீடு

தண்டுவடம் நசுங்கி உடலின் கீழ்ப்பாதி அசைவற்றுப் போனவர்களின் குடும்பத்தார் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, ‘எந்த ஸ்டெம் செல் (பிற அணுக்களாக மாறவல்ல மூல உயிரணு) நல்லது?’ என்பதுதான். கேட்பது இயல்பே, ஆனால் மண்ணையும் பருவத்தையும் சொல்லாமல் எந்த உரம் உயர்ந்தது என்று கேட்பதைப் போன்றது அது. கை கால்களில் ஓடும் நரம்பு அறுந்தால் மெல்ல மெல்லத் திரும்ப வளரும். தண்டுவடத்துக்குள் ஓடும் நரம்பிழைகளுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. அடிபட்ட சில மணி நேரத்தில் தொடங்கும் வீக்கமும் அழற்சியும் முதல் அடியில் தப்பிய இழைகளையும் அழிக்கின்றன. மாதங்கள் செல்லச் செல்ல, நீர் தேங்கிய குழிகளும் இழைகளால் கடக்க முடியாத வடுவும் அங்கே நிலைத்துவிடுகின்றன. அழற்சியைத் தணிப்பது, இறந்த அணுக்களுக்கு மாற்று வைப்பது, அறுந்த இடைவெளியில் பாலம் கட்டுவது ஆகிய மூன்றும் வெவ்வேறு வேலைகள். போட்டியில் நிற்கும் உயிரணுக்கள் ஒவ்வொன்றும் இவற்றில் ஒன்றையே முதன்மையாகச் செய்ய முயல்கின்றன.

பாலம் கட்டுபவை மூக்கிலிருந்து வருகின்றன. வாசனை அறியும் நரம்பணுக்கள் வாழ்நாள் முழுதும் இறப்பதும் புதிதாகப் பிறப்பதுமாக இருக்கின்றன. புதிதாகப் பிறந்த ஒவ்வொன்றும் தன் இழையை மூளைக்குள் செலுத்தியாக வேண்டும். அந்த இழையோடு கூடவே சென்று, மைய நரம்பு மண்டலத்தின் வாசலைத் திறந்துவிடுபவை அதைச் சுற்றியிருக்கும் உறையணுக்கள். இவற்றைக் காயம்பட்ட தண்டுவடத்தில் வைத்தால் அங்கும் வாசல் திறக்காதா என்பதே லண்டன் நரம்பியலாளர் ஜெஃப்ரி ரெய்ஸ்மன் பல பத்தாண்டுகள் துரத்திய கேள்வி. 2012இல் போலந்தின் விராட்ஸ்வாஃப் நகரில் அறுவை மருத்துவர் பாவெல் தபாகோவின் குழு அதை ஒரு மனிதரிடம் சோதித்தது. கத்திக்குத்தில் தண்டுவடம் ஏறக்குறைய முழுவதும் துண்டிக்கப்பட்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக மார்புக்குக் கீழே செயலிழந்து இருந்தவர் அவர். மூக்கின் இழைகள் மூளையில் சென்று சேரும் இடம் நுகர்வுக் குமிழ்; மண்டையோட்டைத் திறந்து அவருடைய குமிழ்கள் இரண்டில் ஒன்றை எடுத்தார்கள். அதிலிருந்து உறையணுக்களைப் பிரித்து வளர்த்தார்கள். பிறகு காயத்தின் மேலும் கீழுமாக ஏறத்தாழ நூறு நுண் ஊசிகளில் ஐந்து லட்சம் அணுக்களைத் துளித்துளியாகச் செலுத்தி, நடுவே இருந்த 8 மில்லிமீட்டர் இடைவெளியில் கணுக்காலிலிருந்து எடுத்த நரம்பின் நான்கு கீற்றுகளைப் பதித்தார்கள். சில மாதங்களில் இடது தொடையில் தசை பருக்கத் தொடங்கியது. பின்னர் இணைகம்பிகளைப் பிடித்துக்கொண்டு அவர் அடியெடுத்து வைத்தார்.

இச்செய்தி 2014இல் உலகெங்கும் பரவியபோது பலர் கவனிக்கத் தவறிய விவரம் ஒன்று உண்டு: அவர் நாள்தோறும் ஐந்து மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் பயிற்சி செய்துவந்தார். எவ்வளவு பலன் அணுக்களால், எவ்வளவு பயிற்சியால் என்று ஒரே ஒருவரை வைத்துப் பிரித்துச் சொல்லிவிட முடியாது. மூக்குவழிச் சிகிச்சையின் மறுபக்கமும் பதிவாகியிருக்கிறது. போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் அணுக்களைப் பிரித்தெடுக்காமல் மூக்கின் உட்சவ்வையே வெட்டி முதுகில் பதித்தார்கள். அவ்வாறு சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் தண்டுவடத்தில் எட்டு ஆண்டுகள் கழித்துச் சளி சுரக்கும் கட்டி வளர்ந்திருந்தது. சவ்வு தன் வேலையைத்தான் செய்தது. வைக்கப்பட்ட இடம்தான் தவறு. இதற்கு மாறாக, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஆலன் மக்கே-சிம் குழு 2002இல் தொடங்கிய சோதனையில், சுத்திகரித்த அணுக்கள் தீங்கு செய்யவில்லை என்று தெரியவந்தது. நடக்கவைப்பதாக அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை என்பதாலேயே எனக்கு அந்தச் சோதனைமீது மதிப்பு அதிகம்.

மாற்று அணுக்களை வைக்கும் வழியில் இன்று முன்னணியில் இருப்பது டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகம். முதிர்ந்த அணுவைக் கருநிலைக்குத் திருப்பும் வித்தையை ஷின்யா யமனாக்கா 2006இல் எலி அணுக்களில் செய்துகாட்டி, 2012இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அத்தகைய ‘ஐபிஎஸ்’ அணுக்களை நரம்பணு முன்னோடிகளாக வளர்த்து, ஹிடெயுகி ஒகானோ, மசாயா நாகமுரா ஆகியோரின் குழு 2021 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பதித்தது. மொத்தம் நால்வர், ஒவ்வொருவருக்கும் இருபது லட்சம் அணுக்கள், காயம்பட்டு 14 முதல் 28 நாள்களுக்குள். காயத்தின் கடுமையை ஏ (A) முதல் இயல்பு நிலையான இ (E) வரை தரம் பிரிப்பது வழக்கம். நால்வரும் முழுச் செயலிழப்பான ‘ஏ’ தரத்தில் இருந்தவர்கள். 2025 மார்ச்சில் வெளியான முடிவின்படி ஒருவர் ‘டி’ வரை முன்னேறித் தாமாக நிற்கிறார், மற்றொருவர் ‘சி’ நிலையை எட்டினார், எஞ்சிய இருவரிடம் தரமாற்றம் இல்லை. இதில் இரண்டு சங்கடங்கள் உள்ளன. அணுக்கள் பிறருடையவை என்பதால் உடல் அவற்றை நிராகரிக்காதிருக்க எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து தேவைப்படுகிறது. கருநிலை அணு மிச்சமிருந்தால் கட்டியாகலாம் என்ற அச்சமும் முழுதாக நீங்கவில்லை. கருவிலிருந்து பெற்ற ஸ்டெம் செல்லைக் கொண்டு அமெரிக்காவின் ஜெரான் நிறுவனம் 2010இல் இதே திசையில்தான் புறப்பட்டது. ஐந்து நோயாளிகளோடு 2011இல் அது கைவிட்டதற்குக் காரணம் பணம், அணுக்கள் அல்ல.

மூன்றாவதான எலும்பு மஜ்ஜை அணுக்கள்தாம் நோயாளிகளை எளிதில் எட்டுகின்றன. நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்துப் பெருக்கி, அவருக்கே இரத்தக் குழாய் (சிரை) வழியாக ஏற்றிவிடலாம். முதுகைத் திறக்க வேண்டியதில்லை. இவை நரம்பணுவாக மாறுவதில்லை. அழற்சியைத் தணித்து, தப்பிய இழைகளைக் காக்கும் பொருள்களைச் சுரப்பதாகக் கருதப்படுகிறது. ஜப்பான் அரசு 2018 டிசம்பரில் ‘ஸ்டெமிராக்’ என்ற இவ்வகைச் சிகிச்சைக்கு நிபந்தனையுடன் அனுமதி தந்தது. 2019இல் நிர்ணயிக்கப்பட்ட விலை ஏறத்தாழ 1.5 கோடி யென். சான்றாக வைக்கப்பட்டதோ பதின்மூன்று நோயாளிகளின் முன்னேற்றம் மட்டுமே. ஒப்பிடுவதற்குச் சிகிச்சை பெறாத குழு இல்லை. காயத்துக்குப் பின்வரும் முதல் சில மாதங்களில் கணிசமானோர் எந்த உயிரணுவும் இல்லாமலே ஓரிரு தரம் முன்னேறுவது உண்டு. அந்த இயற்கை மீட்சியைக் கழிக்காமல் சிகிச்சையின் பலனைக் கணக்கிடுவது, ஆற்றில் வெள்ளம் ஏறும்போது கிணற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டு மட்டம் உயர்ந்ததைத் தன் குடத்தின் பெருமையாகச் சொல்வதுதான்.

ஆகவே என் தெரிவு காயத்தின் வயதைப் பொறுத்தது. காயம் சில வாரங்களே ஆனதென்றால், நால்வர் என்ற சிறிய எண்ணிக்கையையும் மீறி, கெயோ வழியே எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது. வைக்கும் அணு என்ன வேலை செய்ய வேண்டும் என்பது அங்கே தெளிவாக இருக்கிறது. மஜ்ஜை அணுக்களை முறையான சோதனைக்குள் பெறுவதில் தவறில்லை, விலைக்கு வாங்குவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறையும் அதையே சொல்கிறது: தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே கொடுப்பது முறையல்ல, ஆய்வில் சேர்பவரிடம் அதற்குக் கட்டணம் வாங்குவதும் முறையல்ல. சில லட்சங்களுக்கு ‘பேக்கேஜ்’ பேசும் இடத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஆய்வுப் பதிவு எண்.

ஆண்டுகள் கடந்த காயத்துக்கு நிலைமை வேறு. வடு இறுகிப்போன அங்கே பாலமே தேவை என்பதால், மூக்கு உறையணுக்களின் பக்கம் நிற்கிறேன். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகம் இவற்றைக் குட்டி நரம்புப் பாலங்களாக வளர்த்துப் பழைய காயங்களில் பதிக்கும் சோதனை ஒன்றை வகுத்திருக்கிறது. அதில் பங்கேற்பவர்கள் பதிப்புக்கு முன்னும் பின்னும் மாதக்கணக்கில் தீவிரப் பயிற்சி பெறுகிறார்கள்; பாலம் பதிக்கப்படாத ஒப்பீட்டுக் குழுவும் பயிற்சி பெறுகிறது. போலந்தில் பிரிக்க முடியாமற்போன கணக்கை இந்த ஏற்பாட்டில் பிரித்துப் பார்க்கலாம்.